கடைமடையின் நியாயம்

திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலை காவிரிக் கரையை ஒட்டியே ஓடுகிறது. புரட்டாசி மாதம். ஆற்றில் நல்ல தண்ணீர்; சாலைக்கு மறுபக்கம் குலை தள்ளிய வாழைகள். டெல்டாவில் அறுப்பும் நடவும் ஒன்றாக நடக்கும் பருவம் இது. ஒரு வயலில் குறுவை அறுப்பு நடக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் சம்பா நடவு நடக்கும். உழவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்பதால்தான் இந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

புறப்பட வைத்தது ஒரு கேள்வி. உழவு தொழத்தக்கது என்று தமிழில் காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பொங்கல் வந்தால் மேடைக்கு மேடை சொல்கிறோம். சேற்றில் நிற்பவருக்கு அந்த வேலை எப்போது வழிபாடாகிறது? சித்திரையில் நல்லேர் பூட்டும்போதா, ஆடிப்பெருக்கில் ஆற்றுக்குப் படையல் வைக்கும்போதா, அல்லது யாருமே பார்க்காத வேறு ஏதோ ஒரு நேரத்திலா? கல்லணையில் தொடங்கிக் காவிரி நீர் போய் முடியும் கடைமடை வரை, அந்தத் தண்ணீர் போகும் வழியிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

முகம் தெரியாதவருக்கு அனுப்பும் தண்ணீர்

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது மரபு. ஏறக்குறைய கி.பி. 2ஆம் நூற்றாண்டு. பாறை அகப்படாத ஆற்று மணலில் பெருங்கற்களை இறக்கி, அவை அமிழ அமிழ மேலே கல் அடுக்கி எழுப்பிய அணை. 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய கட்டுநர்களிடமிருந்தே கற்றோம் என்று வெளிப்படையாக எழுதினார். கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியபோது அந்தப் பாடம் அவருக்குக் கைகொடுத்தது.

இங்கே தண்ணீர் நான்கு வழியாகப் பிரிகிறது. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கு. கொள்ளிடம் வெள்ளத்தை வடித்து விடுவதற்கு. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு, ஜூன் 12 அன்று அங்கே தண்ணீர் திறப்பது வழக்கமாயிற்று. இருப்பும் மழையும் ஒத்துழைக்காத ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போகும். மேட்டூர்த் தண்ணீர் சில நாட்களில் கல்லணைக்கு வரும். இங்கே மதகு திறக்கும்போது பூவோடு விதைநெல்லையும் சேர்த்து ஆற்றில் தூவுவார்கள். விளைச்சலுக்கு முன்பே தண்ணீருக்குக் கொடுக்கும் முதல் பங்கு அது.

அணையின் மேல் நடந்துகொண்டிருந்தபோது, ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கராக வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். வேலையில் எது கடினம் என்று கேட்டேன். ராத்திரிக் காவலையோ வெள்ளக் காலத்தையோ சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "முகம் தெரியாத ஆளுக்குத் தண்ணி அனுப்புற வேலை சார் இது. பக்கத்துல இருக்கவன் வந்து சத்தம் போட்டு வாங்கிக்குவான். கடைசியில இருக்கவன் இங்க வர மாட்டான், கேட்கவும் மாட்டான். அவனுக்கு நாமதான் கணக்குப் பார்த்து விடணும்."

தேடி வந்த பதிலின் முதல் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. கேட்க வராதவருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. மிச்ச வழி முழுவதும் இந்தச் சொல் கூடவே வந்தது.

சனிமூலையில் ஒரு கைப்பிடி

தஞ்சாவூர், அம்மாப்பேட்டை தாண்டி நீடாமங்கலம் போனால் கோரையாறு தலைப்பு வரும். ஊரார் வாயில் அது மூணாறு தலைப்பு. வெண்ணாறு இங்கே பாமணியாறு, கோரையாறு, சிறிய வெண்ணாறு என்று பிரிகிறது. இதற்குக் கீழே ஆறு கிளையாகி, கிளை வாய்க்காலாகி, வாய்க்கால் கண்ணியாகி, கண்ணி வயலின் மடையில் வந்து முடியும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மனிதன் மண்வெட்டியோடு நிற்கிறான். அவன் நியாயமாக நடந்தால்தான் அடுத்த பிரிவுக்குத் தண்ணீர்.

தலைப்புக்குச் சற்றுத் தொலைவில் ஒரு வயலில் நடவுக்கு ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சேடை ஓட்டிப் பரம்படித்த வயல். வரப்பில் நாற்று முடிகள். நடவுக்கு முன் வடகிழக்கு மூலைக்குப் போனார்கள். சனிமூலை என்பார்கள். சாணிப் பிள்ளையார் பிடித்து, அருகம்புல் செருகி, சூடம் காட்டி, வயல்காரரின் அம்மா ஒரு கைப்பிடி நாற்றை அந்த மூலையில் முதலில் ஊன்றினார். குலவைச் சத்தம் எழுந்தது. எல்லாம் சில நிமிடங்கள்தான். அதன்பின் பெண்கள் வரிசையாகக் குனிந்துவிட்டார்கள்.

வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவயதுப் பெண் ஒருவர் கை நிற்காமல் பேசினார். "இத்தனை நாத்துதான் ஒரு குத்துக்குன்னு கணக்கு இருக்கு தம்பி. மேலாக ஊணணும். சேத்துல ஆழமா அமுக்கிட்டா வேலை சீக்கிரம் முடியும், ஆனா தூர் கட்டாது." ஆழ நட்ட நாற்று கிளைக்காது என்பது வேளாண் கல்லூரிப் பாடமும்கூட. ஆனால் அந்தத் தவறு இன்று யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பயிர் தூர் விடாமல் நிற்கும்போது யார் நட்ட குத்து என்று கண்டுபிடிக்கவும் முடியாது. நடவு முடிந்ததும் கூலி கைக்கு வந்துவிடும். அப்படியிருந்தும் அந்த அம்மா ஒவ்வொரு குத்தையும் அளவாகவே ஊன்றினார். ஏன் இவ்வளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சோறு ஆகுற பொருளாச்சே" என்றார்.

சனிமூலையில் சூடம் காட்டியபோது நானும் கும்பிட்டேன். ஆனால் வயலில் நடந்த வழிபாடு எது என்று என்னைக் கேட்டால் இந்த அம்மாவின் விரல்களையே காட்டுவேன். தன் பெயர் எழுதப்படாத வேலையை, கேட்பார் இல்லாத இடத்தில், சரியாகச் செய்வது. சடங்கு அந்த நேர்மைக்கு முன்னால் சொல்லும் உறுதிமொழி. உறுதிமொழி நிறைவேறுவது குனிந்த முதுகுகளின் கீழே.

வயல்காரர் அந்த நேரத்தில் வரப்பு அண்டை வெட்டிக்கொண்டு, நண்டு வளைகளைத் தேடித் தேடிச் சேற்றால் அடைத்துக்கொண்டிருந்தார். வெட்டும்போது அவர் மண்வெட்டி பக்கத்து வயலின் பக்கம் ஒரு விரற்கடைகூடச் சாயவில்லை. "ஒரு வளையை அடைக்காம விட்டா விடியறதுக்குள்ள என் தண்ணி கீழ வயலுக்கு இறங்கிடும். என் வயலு காஞ்சா அது என் பாடு. அவன் இப்பதான் விதைச்சிருக்கான், விதை அழுகிடும். அது பாவம் இல்லையா?" என்றார். நஷ்டத்தை ஒரு தட்டிலும் பாவத்தை ஒரு தட்டிலும் வைத்துப் பிரித்துப் பேசிய அந்தத் தெளிவு என்னை அசைத்தது. தனக்கு வரும் இழப்பை அவர் விதியோடு சேர்த்துவிடுகிறார். பிறருக்குத் தன்னால் வரும் இழப்பை மட்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார்.

சேற்றில் நின்றவர்களின் கணக்கு

டெல்டாவின் பக்தியைப் பேசுகிறவர்கள் டெல்டாவின் கொடுமையையும் சேர்த்தே பேச வேண்டும். திருவாரூரிலிருந்து கிழக்கே, தேவூர்ப் பக்கம் கீழ்வெண்மணி இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, இங்கே ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். எல்லாரும் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். நினைவிடத்தில் 44 பெயர்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் எவரும் உழவின் புனிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

இதே சோழநாட்டில் பிறந்தவர் நந்தனார். ஆதனூரில் புலைப்பாடியில் வாழ்ந்து, கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். திருப்புன்கூரில் அவர் வெளியே நின்றே தரிசிக்க நந்தி விலகியது என்கிறது சேக்கிழாரின் பெரிய புராணம். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் ஒரு பண்ணையாரைக் கொண்டுவந்து சேர்த்தார். பயிர் வேலையை முடித்தால்தான் தில்லைக்குப் போகலாம் என்று அவர் சொல்ல, 40 வேலி நிலமும் ஓர் இரவில் இறைவன் அருளால் விளைந்து அறுவடைக்கு நின்றது என்பது அந்தக் கதை. சேக்கிழாரிடம் இல்லாத அந்தப் பண்ணையாரைப் பாரதியார் தாம் கண்ட தஞ்சைத் தரணியிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். தெய்வத்தையே வயலில் இறக்கிய கற்பனை கேட்க உருக்கமாக இருக்கிறது. அந்தப் பயிரை நிஜத்தில் விளைவித்தவர்களோ தலைமுறை தலைமுறையாகக் கோயில் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

கீழ்வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பகுதிக்கு வந்தவர்கள் சர்வோதய ஊழியர்களான சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1981இல் லாஃப்டி என்ற உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்கிழார்களிடம் பேசி, விலை முடித்து, கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளுக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று, பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். 2008இல் இருவருக்கும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. காந்தி, வினோபா வழி வந்த அவர்கள் நிலத்தைப் பகிர்வதையும் பிரார்த்தனையையும் வேறாகப் பார்த்ததே இல்லை.

உழவில் ஆன்மிகம் இருக்கிறது என்று சொல்ல உரிமை வேண்டுமானால் களத்தில் கூலி நேராக இருக்க வேண்டும். களத்தில் பொலி குவித்து, அதன்மேல் பிள்ளையார் வைத்து, பொலி பெருக வேண்டும் என்று கும்பிட்டுவிட்டு, அளக்கும்போது மரக்காலைச் சாய்ப்பவரின் கும்பிடு எந்தச் சாமியையும் சேராது.

விளையாத ஆண்டின் துயரம்

திருக்குவளைக்குப் பக்கத்தில் குண்டையூர். சிறிய ஊர், அமைதியான கோயில். சுந்தரர் வரலாற்றில் இந்த ஊருக்கு இடம் உண்டு. குண்டையூர்க் கிழார் என்ற வேளாளர், திருவாரூரில் இருந்த சுந்தரரின் வீட்டுக்கு நெல்லும் பருப்பும் தவறாமல் அனுப்பி வந்தார். ஓராண்டு மழை பொய்த்தது. விளைச்சல் இல்லை. அனுப்ப முடியவில்லையே என்று உண்ணாமல் படுத்தார். விடிந்து பார்த்தால் ஊரே மறையும்படி நெல்மலை. சுந்தரர் திருக்கோளிலியில் பாடி வேண்ட, சிவபூதங்கள் ஒரே இரவில் அந்த நெல்லைத் திருவாரூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பது வரலாறு. திருக்கோளிலிதான் இன்றைய திருக்குவளை.

இந்தக் கதையில் நெல்மலையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கிழார் படுத்த அந்த இரவு. பஞ்சத்தில் அவர் வீட்டிலும் குதிர் காலிதான். அதற்காக அவர் வருந்தவில்லை. தன் நெல்லை நம்பி உலை வைக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த உலைக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் அவர் துயரம். விளைவிப்பவருக்கே உரிய துயரம் அது. இன்றும் டெல்டாவில் பயிர் போனால் விவசாயி முதலில் சொல்வது "கொடுக்க வேண்டியவங்களுக்கு என்ன சொல்றது" என்பதுதான். இந்த மனத்தைக் கடனுக்கும் வட்டிக்கும் பலிகொடுத்துவிட்டு நாம் கிழாருக்கு விழா எடுப்பதில் பொருள் இல்லை. உழவர் உலகத்துக்குப் பொறுப்பேற்கிறார் என்றால் விளையாத ஆண்டில் உலகம் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். பயிர் இழப்பீடு காலத்தில் வருவதும், கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனையாமல் எடைக்குப் போவதும் அந்தப் பொறுப்பின் வடிவங்கள்தாம்.

இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஆதிரெங்கம் பக்கம். இந்த ஊரை உலகம் அறிந்தது நெல் ஜெயராமனால். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் தூண்டுதலால் மரபு நெல்களைத் தேடி அலையத் தொடங்கிய அவர், 174 வகைகளை மீட்டார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, குழியடிச்சான், பூங்கார், கருங்குறுவை, தூயமல்லி என்று பட்டியல் நீளும். 2006 முதல் இங்கே நெல் திருவிழா நடந்து வருகிறது. வரும் விவசாயிக்கு 2 கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பத்திரமும் இல்லை, சாட்சிக் கையெழுத்தும் இல்லை. விளைந்தவர் கொண்டுவந்து கொடுப்பார், அது இன்னும் இரண்டு பேருக்குப் போகும். 2018 டிசம்பர் 6 அன்று ஜெயராமன் மறைந்த பிறகும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை.

பழைய நெல்லைப் போற்றப் புதிய நெல்லைத் தூற்ற வேண்டியதில்லை. 1960களில் நாடு கப்பலில் வரும் கோதுமையை எதிர்பார்த்திருந்தபோது, ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 தஞ்சை மாவட்டத்தின் களங்களை நிறைத்தது. பசித்த வயிற்றுக்கு அன்று அது நியாயமான பதில். மூட்டை மூட்டையாக உரம் கொட்டி, நெல்லுக்குப் பின் நெல் என்று மண்ணுக்கு ஓய்வே கொடுக்காமல் போனதுதான் பிழை. முன்பெல்லாம் சம்பா அறுப்புக்கு முன்பே ஈரவயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்ததும் அது மண்ணை மூடும். கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வந்து கிடை போடுவார்கள். நெல்லை மனிதன் எடுத்தான்; வைக்கோலை மாடும் சிந்தியதை வாத்தும் தின்றன; ஆட்டுப் புழுக்கை மண்ணுக்குச் சேர்ந்தது. யாரும் வெறுங்கையோடு போகவில்லை. இன்றும் பல ஊர்களில் இது தொடர்கிறது. தொடரும் வயல்களில் மண் காலில் மெத்தென்று பதிகிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை மாவட்ட வயல்கள் கடல்நீரில் மூழ்கின. இனி இங்கே பயிரே வராது என்று பலர் சொன்னபோது நம்மாழ்வார் அந்த ஊர்களுக்கு வந்து நின்றார். கடல் கொண்டுவந்து போட்ட சேற்றை அகற்றி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, உப்பைத் தாங்கும் நெல்லைப் போட்டு நிலத்தை மீட்க விவசாயிகளோடு உழைத்தார். வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, அந்த வேலையை உதறிவிட்டு வந்தவர் அவர். மண்ணை உயிராகக் கண்டவருக்கு, அது அடிபட்டுக் கிடக்கும்போது விலகிப் போக மனம் வரவில்லை.

தண்ணீர் முடியும் இடம்

தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்து விரிகிறது. ஆறுகள் கடலுக்கு முன் கடைசி இயக்கு அணைகளில் தேங்கி நிற்கின்றன. ஏறிவரும் உப்புநீரைத் தடுத்து நிறுத்துவதும் அவைதாம். இதுதான் கடைமடை. பஞ்சத்தில் தண்ணீர் கடைசியாக வரும் இடம். வெள்ளத்தில் மேலே உள்ள ஊர்களின் தண்ணீரெல்லாம் முதலில் வந்து நிற்கும் இடமும் இதுவே. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரையேறியதும் இந்தப் பக்கம்தான்.

ஒரு வாய்க்கால் கரையில் சிலர் காட்டாமணக்கையும் ஆகாயத் தாமரையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. நேரடி விதைப்புச் செய்த வயல்கள் அதற்காகக் காத்திருந்தன. "மேல இருக்கவங்க மேல கோபமே இல்லீங்களா?" என்று ஒரு விவசாயியைக் கேட்டேன். "கோபப்பட்டு என்ன செய்ய? எங்களுக்குக் கீழ யாரும் இல்லீங்க, கடல்தான் இருக்கு. அதனால எங்க பொறுப்பு வடிகாலைச் சுத்தமா வச்சிருக்கிறது. நாங்க அடைச்சா மேல இருக்கவன் முங்கிருவான்" என்றார். கல்லணையில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரை நினைத்தார். கடலோரத்தில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரை நினைக்கிறார். காவிரிப் பாசனம் இத்தனை நூற்றாண்டு நீடித்ததற்குக் கல்லும் சுண்ணாம்பும் மட்டும் காரணம் இல்லை.

2018இல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு விட வேண்டிய காவிரி நீரை 177.25 டி.எம்.சி. என்று வகுத்தது. மேல்மடையில் இருப்பவர் கீழ்மடைக்குக் கடன்பட்டவர் என்ற நியாயத்தைத்தான் நாம் அங்கே வாதாடினோம். அதே நியாயம் தலைமடை ஊருக்கும் கடைமடை ஊருக்கும் இடையிலும், முதல் வயலுக்கும் கடைசி வயலுக்கும் இடையிலும், நிலக்காரருக்கும் நட்டவருக்கும் இடையிலும், விளைவித்தவருக்கும் சாப்பிடுபவருக்கும் இடையிலும் நடந்தாக வேண்டும். எங்கே அது நடக்கிறதோ அங்கே உழவு வழிபாடு. நடக்காத இடத்தில் எத்தனை சூடம் கொளுத்தினாலும் அது வெறும் சாகுபடிதான்.

சாப்பிடும் நாமும் இந்தப் பாசனத்தில் ஒரு மடைதான். ஆகவே நகரத்து வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கடைமடை ஊர் ஒன்றுக்குப் போய்வாருங்கள். அங்கே விளையும் மரபு நெல்லை உழவரிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதீர்கள். டெல்டா விவசாயிக்கும் ஒரு வேண்டுகோள். இந்தச் சம்பாவில் உங்கள் வயல் நனைந்ததும் மடையை அடைத்து, அடுத்த வயலுக்குத் தண்ணீரை விடுங்கள். அவர் உங்களிடம் வந்து கேட்க மாட்டார், கேட்காமலே கொடுங்கள்.